கீழ்வீட்டு மழைக்குழாய்

மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. லெனோரா நனைந்துகொண்டே ஓடி, கூரையிலிருந்து இறங்கும் குழாயின் வளைவைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

ஐந்து மாதத் தூசி, பறவை எச்சம், கடலுப்பு எல்லாம் கூரையைவிட்டுக் கழுவிப் போயிருந்தன. இனி விழுவது குடிக்கிற தண்ணீர். கரீபியக் கடலின் இந்தக் கரியாக்கூ தீவில் ஆறு கிடையாது. கூரைதான் ஆறு.

நிமிர்ந்து சரிவின் கீழே பார்த்தாள்.

ஆல்பனின் வீட்டுக் குழாய் இன்னும் வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. தண்ணீர் மண்ணில் கொட்டிப் பாதைவழியே ஓடியது. படகுக்குப் பலகை மாற்றப் பக்கத்துத் தீவுக்குப் போனவன் நாளைதான் வருவான்.

ஆள் இல்லாத வீட்டின் குழாயை அண்டை வீட்டார் திருப்பிவிட வேண்டும். பேச்சே இல்லாதவர்களும் இதை மட்டும் செய்துவிடுவார்கள். நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் குழாயை ஒருவர் திருப்பிவிட்டதை அவளே பார்த்திருக்கிறாள்.

லெனோரா நகரவில்லை.

எதிர்வீட்டு வராந்தாவிலிருந்து பேர்ல் கத்தினாள். "என்னடி, உன் புருஷன் வீட்டுத் தண்ணி ஊர்கோலம் போகுது. நீ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?"

"அவன் என் புருஷன் இல்ல."

"அப்போ தினம் காலைல உன் வாசலுக்கு வர்ற வாளி யாரோடதாம்?"

இரண்டு வருஷம் என்று சொல்லி இங்கிலாந்துக்குப் போன ஆல்பன் ஏழு வருஷம் கழித்துத் திரும்பினான். அவள் கதவைத் திறக்கவில்லை. அவனும் அதிக நேரம் தட்டவில்லை. சரிவின் கீழே இரண்டு அறை கட்டிக்கொண்டான். அதன்பிறகு ஒன்பது வருஷம். வழியில் பார்த்தால் ஒரு தலையசைப்பு.

ஜனவரியில் ஒரு காலை, நீல வாளியோடு வந்து நின்றான். தொட்டியில் விரிசல் விட்டுத் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டதாம். பூசிவிட்டானாம். மழை வரும்வரை தினம் ஒரு வாளி கிடைக்குமா என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

தண்ணீர் கேட்டு வருகிறவனிடம் யாரும் பழையதைப் பேசுவதில்லை. ஒதுங்கி வழிவிட்டாள்.

முதல் வாரம் வாளி நிரம்பும் சத்தம் மட்டும். பிறகு ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச்சில் ஒரு நாள், தகரக் குவளையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த ருசி அங்க எங்கயும் கிடைக்கல" என்றான். அன்று அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

ஏப்ரலில், விடிவதற்கு முன்பே எழுந்து தலைசீவிக்கொள்வதைத் தானே கவனித்தாள்.

ஊரே வானத்தைப் பார்த்து மழைக்காக ஜெபித்தது. அவளும் மண்டியிட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

இன்று அவன் தொட்டி நிரம்பினால் வாளி இனி வராது. அவள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அடுத்த மழைக்கு மூன்று வாரம்கூட ஆகலாம்.

மூன்று வாரம் என்று மனம் சந்தோஷமாக நினைத்ததுதான் அவளைக் கூசவைத்தது. எரிச்சலோடு சரிவில் இறங்கினாள்.

சேறு ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. எடுக்கக் குனியவில்லை. கீழ்வீட்டின் பின்பக்கம் போய், இரண்டு கையாலும் வளைவைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

காலித் தொட்டியில் முதல் தண்ணீர் விழும் சத்தம் இந்தத் தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். பீப்பாயில் கல்லைக் கொட்டியதுபோல் அதிரும். அதற்காகக் காத்து நின்றாள். முடிந்தது என்று அந்தச் சத்தம் சொன்னபிறகு வீட்டுக்குப் போகலாம்.

அதிரவில்லை. தண்ணீர்மேல் தண்ணீர் விழும் மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டது.

மூடியைத் தள்ளிப் பார்த்தாள்.

விளிம்புக்கு ஒரு முழம் கீழே, கறுப்பாக, அசையாமல் நிறைந்து கிடந்தது தண்ணீர். கொசுப்புழு தின்பதற்காக விட்ட குட்டி மீன்கள் கொழுத்துத் திரிந்தன. சுவரில் பல வருஷப் பாசி கலையாமல் இருந்தது. பூசிய தடம் எங்கும் இல்லை.

முழங்கால் வலிக்காரன். ஐந்து மாதம், தினமும், காலி வாளியோடு இந்தச் சரிவை ஏறியிருக்கிறான். நிறைந்த வாளியோடு நிறைந்த தொட்டிக்கே திரும்பியிருக்கிறான்.

லெனோரா மூடியை இருந்தபடியே இழுத்து வைத்தாள். குழாயின் வளைவைப் பிடித்தாள்.

பிறகு அதை மறுபடியும் வெளிப்பக்கமாகத் திருப்பினாள்.

வாழ்நாளில் ஒரு குவளைகூட வீணாக்கியிராதவளின் பாதங்கள்மேல் நல்ல தண்ணீர் ஓடிப் போனது.

மேலே ஏறி வந்தபோது பேர்ல் வராந்தாவின் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கீழ்வீட்டின் பின்பக்கம் தெரியாது. பாதையில் ஓடும் தண்ணீர் தெரியும்.

"இன்னும் ஓடுதே. திருப்பலையா நீ?"

"மனசு வரல."

ஒன்பது வருஷம் கழித்தும் லெனோராவுக்கு வன்மம் தீரவில்லை என்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். நாளை படகிலிருந்து இறங்கியதும் ஆல்பனிடமும் யாராவது சொல்வார்கள்.

சொல்லட்டும். லெனோரா அவன் குடிக்கும் தகரக் குவளையை மழையில் பிடித்துக் கழுவினாள்.