பெரியவருக்குத் தெரிய வேண்டாம்

மந்தைவெளி கிளினிக்கில் வழக்கமான டாக்டர் அன்று விடுப்பு. அவர் இடத்தில் இருந்த இளம் டாக்டர், பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே, மார்கழிப் பனிக்கு மப்ளர் சுற்றிய கஸ்தூரிரங்கன். பக்கத்தில் மகன் ஸ்ரீகிருஷ்ணா.

"பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்களேன்."

கஸ்தூரிரங்கன் இருமிக்கொண்டே எழுந்து போனார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "லிம்போமா. புற்றுநோய்தான். குரல்வளையில வர்றது ரொம்ப அபூர்வம். வெறும் தொண்டைக்கட்டுன்னு விட்டுடுவாங்க. இப்ப எலும்பு மஜ்ஜை வரைக்கும் பரவிடுச்சு."

"எவ்வளவு நாள் டாக்டர்?" ஸ்ரீகிருஷ்ணாவுக்குக் குரலே எழும்பவில்லை.

"ஆறு மாசம் தாண்டறது கஷ்டம். அப்பாகிட்ட சொல்லாதீங்க. இந்த வயசுல தாங்க மாட்டார். நல்லவேளை, கடைசி வரைக்கும் பார்த்துக்க நீங்க இருக்கீங்க."

ஸ்ரீகிருஷ்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

வெளியே அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னடா சொன்னார்?"

"ஒண்ணுமில்லப்பா. சாதாரணப் புண்தானாம். மாத்திரையிலேயே ஆறிடுமாம்."

"பெருமாளே!" கஸ்தூரிரங்கன் தன் மப்ளரை அவிழ்த்து மகன் கழுத்தில் சுற்றினார். "பேசாதே, உன் தொண்டைக்கு ஆகாது. லஸ் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிண்டிருந்தேன். என் ஒரே பிள்ளையைக் காப்பாத்திட்டார். நாளைக்கே சாத்திடலாம், வா."