அமைச்சரின் கைகள்

அமைச்சர் வாய் திறந்தால் அவள் கை அசைய வேண்டும். டிவி திரையின் மூலையில் நின்று, காது கேளாதவர்களுக்கு அவர் பேச்சைச் சைகையில் சொல்வதுதான் அவள் வேலை.

அன்று பட்ஜெட் விவாதம், நேரலை. பாதுகாப்புத் துறைக்கு இரண்டு மடங்கு நிதி, கம்பெனிகளுக்கு வரிச்சலுகை என்று அமைச்சர் அடுக்கிக்கொண்டே போனார். அவள் கைகளும் சளைக்காமல் ஈடுகொடுத்தன.

"எல்லாத்தையும் அங்கேயே கொட்டிட்டா பள்ளிக்கூடத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று எதிர்க்கட்சிக்காரர் மடக்கினார்.

அமைச்சர் சிரித்தார். "நாடு இருந்தாத்தானே பள்ளிக்கூடம்? காது கேளாத பிள்ளைங்களுக்கான சின்னப் பள்ளிகளை இந்த வருஷத்தோட மூடறோம்."

அவள் கை அந்தரத்தில் நின்றது.

காதில் மாட்டியிருந்த இயர்போனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பதறினார். "என்னம்மா ஆச்சு? நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அவளுக்கு மைக் கிடையாது. பதில் பேச வழியில்லை. அமைச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கைகளால் சொன்னாள். சைகையில் முகமும் பேச வேண்டுமே! அமைச்சரின் சிரிப்பையும் சேர்த்தே சொன்னாள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கணவன் நின்றிருந்தான்.

"டிவி பார்த்ததிலேருந்து பாப்பா ஒரு வாய் சாப்பிடலை. நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

ஆறு வயது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோளைத் தொட்டதும் திரும்பினாள். பிஞ்சு விரல்கள் படபடத்தன.

'என் ஸ்கூலை மூடறேன்னு நீயே சொல்றியேம்மா. அதுவும் சிரிச்சுக்கிட்டே!'

'சொன்னது நானில்லைடா' என்று காட்ட அவசரமாகக் கையைத் தூக்கினாள்.

மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.