விரல் தனித்தனியாக

நான்கு கொம்பு வைத்த ரவுட்டரை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள்.

கனமே இல்லை. அட்டைப் பெட்டியில் ஒரு குடும்பம் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“என்ன பாப்பிய யக்கா? சீரியலா, கிரிக்கெட்டா?” என்றான் கடைக்காரன்.

“பாக்கதுக்கு இல்ல தம்பி. பேசதுக்கு.”

“பேசதுக்குன்னா வீட்ல இருக்கதே போதுமே.”

“எம் மகளுக்குக் காது கேக்காது. கையாலதான் பேசுவா. எனக்கு அவ விரல் தனித்தனியாத் தெரியணும்.”

அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான்.

மகள் பெனிட்டா ஐதராபாத்துக்கு வேலைக்குப் போய், அங்கே ஹாஸ்டலில் தங்கி மூன்று மாதமாகிறது. தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். பாளையங்கோட்டை வீட்டில் இருந்த ரவுட்டர் இணைப்போடு சும்மா கொடுத்தது. படம் கட்டம் கட்டமாக உடையும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஒட்டிக் குழைந்துபோகும்.

மற்றவர்களுக்குப் படம் போனாலும் குரல் மிஞ்சும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

போன வாரம் மகள் எதையோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். முகம் சரியில்லை. கை நெற்றிக்குப் போனது.

அங்கேயே நின்றது.

படம் உறைந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. ஒன்றுமில்லை அம்மா.

அதிலிருந்து எல்லாமே எழுத்துதான். சாப்பிட்டேன். வேலை அதிகம். நெட் சரியில்லை, வீடியோ வேண்டாம்.

கையால் பேசும்போது அந்தப் பெண் ஒரு தோசையைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தையில் முடித்தது கிடையாது.

“பழசு எங்கன இருக்கு? நீங்க எங்கன உக்காந்து பேசுவிய?” என்றான் கடைக்காரன்.

“அது முன் ரூம்ல. நான் உள் ரூம்ல. நடுவுல தடிச் சொவரு.”

“அப்ப கொம்ப எண்ணாதிய. வேகமான அலை சொவரத் தாண்டாது. இந்தச் சின்னது போதும். பேசுத ரூம்லயே வைங்க. ஒயர உள்ள வர இழுத்துத் தாரேன்.”

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. “காட்டுங்க” என்றாள்.

கடையிலேயே அதை மாட்டினான். அவள் போனை அதில் இணைத்துக் கொடுத்தான். தன் போனோடு வெளியே போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று வீடியோவில் கூப்பிட்டான். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

“சுண்டு விரல மட்டும் ஆட்டுங்க தம்பி.”

நடுப்பகலில், ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திப் பார்க்கப் பார்க்க, சுண்டு விரலை மட்டும் ஆட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதையே குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்து மாட்டிவிட்டுப் போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து செய்தி அனுப்பினாள். முகத்தைக் காட்டு. இல்லாவிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு போன் ஒளிர்ந்தது.

முதலில் முகம். மோவாயில் ஒரு புதுப் பரு. அதுகூடத் தெரிந்தது. மகள் இளைக்கவில்லை. கன்னம் சற்றுப் பூசினாற்போலவே இருந்தது.

நன்றாக இருக்கிறேன் என்றன மகளின் கைகள். வேலை பரவாயில்லை. ஹாஸ்டல் பழையபடிதான்.

விரல்கள் ஒவ்வொன்றாக, சுத்தமாக.

ஆனால் மகளுக்குப் பின்னால் ஹாஸ்டலின் பச்சைச் சுவர் இல்லை. ஒரு சமையலறை இருந்தது. அடுப்பருகே ஒரு பெண். மேடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு இன்னொருத்தி. அம்மா பக்கம் எப்போதும் படம் மங்கல் என்று மகள் சொல்லி வைத்திருக்க வேண்டும். இருவரும் இவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

வெங்காயம் வெட்டியவள் கத்தியை வைத்துவிட்டு, அடுப்பருகே நின்றவளைத் தட்டித் திருப்பிக் கைகளால் கேட்டாள்.

ஹாஸ்டலை விட்டு வந்தது அம்மாவுக்குத் தெரியுமா?

அடுப்பருகே நின்றவளும் கையாலேயே சொன்னாள்.

இல்லை. சொன்னால் ஊருக்கே கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறாள்.

அங்கே கைபேச்சு தெரிந்த ஒரு ஆள் கிடையாது. தினமும் அழுகை. அதைச் சொன்னால் புரியாதா?

இப்போது பார். ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டேன் என்கிறாள். அவ்வளவு பேச்சு.

இருவரும் சிரித்தார்கள்.

கட்டிலில் அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்து போயிற்று.

முன்னால் மகள் இன்னும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்னால் அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பில் யாரும் பார்க்கவில்லை.

அவள் போனைத் தலையணையில் சாய்த்துவிட்டுக் கைகளை உயர்த்தினாள்.

உன் பின்னால் பால் பொங்குகிறது. அடுப்பை அணைக்கச் சொல்லு.

மகள் துள்ளித் திரும்பினாள். தோழிகளுக்கு அதிர்வு தெரியக் காலால் தரையை உதைத்தாள். மூவரும் அடுப்பை நோக்கி ஓடினார்கள்.

மகள் திரும்பி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். தோழிகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

எல்லாம் தெரிகிறதா?

தெரிகிறது. அந்த வெங்காயம் வெட்டுகிற பெண் பேர் என்ன?

மகளின் உதடு கோணியது. அழப்போகிறாள் போலிருந்தது. சிரித்தாள்.

போனை எதன்மேலோ சாய்த்து நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள்.