மாத்திரை யாருக்கு?

"அந்த செவப்பு மஞ்ச மாத்திரை நாலு குடு பாய்."

கேட்டவள் காசியம்மாள். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

மருந்துக்கடை மீரானுக்கு மூக்கு வியர்த்தது. டிரான்சிஸ்டரின் காதைத் திருகி அடக்கினார். ஆளைப் பார்த்ததுமே சங்கதியைப் பிடித்துவிடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. காசியம்மாளின் மகள் அம்மணி ஏழு மாத வயிற்றோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பது ஊருக்கே தெரியும்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். கெளுத்தி முள்ளு குத்திட்ச்சு. ராவெல்லாம் குளுர் ஜொரம்."

"உனக்கா, உன் பொண்ணுக்கா? உண்மைய சொல்லு."

"இன்னா பாய், போலீஸ்காரன் கணக்கா கேக்குற?"

இருமல் மருந்துக்காகக் காத்திருந்த படகுக்காரர் ஞானதாஸ் குறுக்கே வந்தார். "குடுத்துத் தொலை பாய். பெட்டிக்கடையிலயே விக்கிறான்."

"அதான் ஊரு கெட்டுப்போவுது!" மீரானுக்குச் சுர்ரென்று ஏறியது. "பொன்னேரி டாக்டரம்மா என்னை உக்கார வெச்சு சொன்னாங்க. டெட்ராசைக்ளின் இது. புள்ளத்தாச்சி முழுங்குனா, பொறக்குற புள்ளைக்குப் பல்லு மஞ்சளா மொளைக்குமாம். எலும்பையும் புடிக்குமாம்."

"ஐயோ!" காசியம்மாளின் முகம் செத்துப்போனது.

மாட்டிக்கொண்டாள் என்று மீரான் முடிவே கட்டிவிட்டார். "துணிய அவுரு, பாக்கலாம்."

அவள் அவிழ்த்தாள். விரல் நிஜமாகவே கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஞானதாஸ் இருமலையும் மறந்து சிரித்தார். "பாய் பெரிய துப்பறியும் புலி!"

மீரான் அசடு வழிந்தபடி மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர மனசு கேட்கவில்லை. இன்னும் பிறக்காத அந்தக் குழந்தையை நினைத்து நிஜமாகவே பயமாக இருந்தது அவருக்கு.

"பொண்ணு கண்ணுல படாம வெச்சுக்கோ. ஒண்ணுகூட அவ வாயில போவக்கூடாது."

காசியம்மாள் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. ஞானதாஸ் மருந்தை வாங்கிக்கொண்டு போகும்வரை அலமாரி பாட்டில்களை வெறித்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

"பாய், புள்ளத்தாச்சிக்கு ஜொரம் வந்தா இன்னாதான் பண்றது? சும்மா கெடக்கணுமா?"

அப்படி வா வழிக்கு! மீரானுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அம்மணிக்கும் காய்ச்சல்தான் என்று அவர் மோப்பம் பிடித்தது பொய்யாகவில்லை.

"சும்மா கெடந்தாலும் தப்பு. தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. அதுக்கு ஒத்துக்குற மருந்து தனியா இருக்கு. பென்சிலின் மாதிரி. எத்தினி மாசம்னு கேட்டு, உடம்புக்கு ஒத்துக்குமான்னு பாத்து டாக்டரம்மா குடுப்பாங்க. நானா குடுக்கக்கூடாது, நீயா வாங்கவும் கூடாது. ஆனா ஒண்ணு, மாசமா இருக்கறத மறைக்காம சொல்லிடணும்."

"சொன்னா ஊரு சிரிக்காதா பாய்?"

"நல்லா கேட்ட போ! புருசன் இருக்கறவ புள்ள பெக்குறா. இதுல சிரிக்க இன்னா இருக்கு? எவனாவது சிரிச்சா என்கிட்ட அனுப்பு."

காசியம்மாள் பெருமூச்சு விட்டாள். பொட்டலத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் திருப்பி வைத்தாள்.

"பொன்னேரி பஸ்சு எப்போ?"

"இதோ, இப்ப வந்துடும்." ஒரு குழந்தையைக் காப்பாற்றிய பெருமையில் மீரானின் தாடி நிமிர்ந்தது. "அம்மணிய பத்திரமா இட்டுனு போ."

"இட்டுனுதான் போவணும். எம் புருசன் கடலுக்குப் போயிட்டாரு, துணைக்கு எனக்கு வேற யாரு இருக்காங்க?" என்றபடி காசியம்மாள் முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் போர்த்திக்கொண்டாள். "ஏன் பாய், ஒரே வூட்லேந்து ரெண்டு புள்ளத்தாச்சி போனா டாக்டரம்மா சேத்துப் பாப்பாங்களா?"