சாபிர் சாகணுமா?

"சாபிர் நாளைக்குச் சாவானா, மாட்டானா? அதச் சொல்லிட்டுப் போ, வக்தி!"

கெய்ரோவில் நோன்பு மாதம் வந்துவிட்டால், டிவி தொடர் எழுதுகிற எனக்கு நிம்மதியாகப் படியிறங்க முடியாது. இரண்டாம் மாடி ரத்தீபா அக்கா கதவருகிலேயே மறித்துக்கொள்வாள்.

சாபிர் என் தொடரின் வில்லன். கூடப்பிறந்த தங்கையின் பங்கு நிலத்தைப் பொய்க் கையெழுத்துப் போட்டு விற்றவன். இருபத்தெட்டு நாளாக நோன்பு திறந்த கையோடு ஊரே அவனைத் திட்டுகிறது. அக்கா ஒருபடி மேலே. அவன் முகம் தெரிந்தாலே டிவி மேல் செருப்பு பறக்கும்.

நாளை கடைசிப் பகுதி. இன்று மாலை படப்பிடிப்பு. நான் இன்னும் எழுதியே முடிக்கவில்லை. எங்கள் பிழைப்பு அப்படி!

"சுட்டுக் கொன்னுடுய்யா. அந்தப் பாவிக்காக எவன் அழப்போறான்?" என்று தயாரிப்பாளர் காலையிலேயே போனில் கத்திவிட்டார்.

எனக்கோ மனசு வரவில்லை. ஆனால் அவனை உயிரோடு விட்டால், அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடையாது.

"நீயே சொல்லுக்கா. கொன்னுடட்டுமா?"

"ஐயையோ! வேண்டாம்ப்பா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நேத்துகூட செருப்பால அடிச்சியே?"

"அடிக்கறதுக்காச்சும் அவன் இருக்கணும்ல? போய்த் தங்கச்சி வீட்டுக் கதவத் தட்டச் சொல்லு. அது போதும்."

"நல்லா இருக்கே! ஜனங்க என்னை உதைக்க வருவாங்கக்கா."

அக்கா மேலே கையைக் காட்டினாள். குரல் தணிந்தது.

"மூணாம் மாடியில இருக்கானே மக்சூத், அவன் என் சொந்த அண்ணன். என் பங்கையும் இப்படித்தான் வித்துத் தின்னான். பதினோரு வருஷமாப் பேச்சில்ல. ஆனா உன் தொடர ஒருநாள் விடறதில்ல, சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. நேத்து சாபிர் தன்னந்தனியா நோன்பு திறந்தான் பாரு, மேல என் அண்ணன் பட்டுனு டிவிய அணைச்சுட்டான்."

இத்தனை நாள் இவளுக்குக் கல்நெஞ்சு என்றல்லவா நினைத்திருந்தேன்!

உள்ளேயிருந்து பெருநாள் பிஸ்கட் வாசனை வந்தது. அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் பெருநாளுக்கு அவனுக்கும் சேத்துத்தான் சுடறேன். இந்தத் தடவையாச்சும் வந்து தட்டுவான். அவசரப்பட்டு சாபிரக் கொன்னுடாத, தம்பி!"