சுத்த சைவம்

கண்ணாடித் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மினியாபொலிஸில் ஜனவரி மாதம் பொழுது விடிவதே பெரிய சங்கதி.

இன்று மாமனாருக்கு முதல் திவசம்.

இந்தியக் கடையில் உறையவைத்த வாழையிலை கிடைத்துவிட்டது. வடை, பாயசம், அவியல் எல்லாம் மாமியாரின் பொறுப்பு. மருமகளான அவள் பொறுப்பு ஒன்றே ஒன்று. அதையும் கணவன் குமரேசன் நேற்றே சொல்லிவிட்டான்.

"அப்பாவுக்கு அந்த ஓட்ஸ்னா உயிர்லா. இலையில அது இல்லாம எப்படி?"

உண்மைதான். உயிராகத்தான் இருந்தார்.

ஓட்ஸ், பால், வெல்லம், பட்டைப் பொடி, பொடியாக நறுக்கிய ஆப்பிள். கலந்து ஓவனில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வீடே மணக்கும். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் மெத்தென்று இருக்கும். குளிருக்கு அப்படி ஓர் இதம். மாமனார் ஓரத்தைத்தான் முதலில் சுரண்டுவார். தட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன் போடுவார்.

"மருமகளுக்கு நம்ம வீட்டுக் கைப்பக்குவம் வந்துட்டு."

நம்ம வீடு.

அவள் மீன் தின்கிற வீட்டுப் பெண். காதல் கல்யாணம். கல்யாணம் முடிந்து அவளுடைய அப்பா ஒரே ஒரு தடவை திருநெல்வேலிக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போனார். கை நிறையப் பழம், முகம் நிறையச் சிரிப்பு. அவருக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை. அவர் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள், உட்கார்ந்திருந்த நாற்காலியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார் மாமனார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு மகள் வீட்டுக்கு வரவே இல்லை.

காலம் போய், அதே மாமனார் மகனோடு இருக்க அமெரிக்காவுக்கு வந்தார். அவள் கையால்தான் சாப்பிட்டாக வேண்டும். முதல் குளிர்காலத்தில் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல ஒண்ணும் சேக்கலியே?"

"சுத்த சைவம் மாமா."

அன்று ஒரு முட்டை போட்டிருந்தாள்.

முட்டை போடாவிட்டால் உதிர்ந்துவிடும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைப்பக்குவத்தை அவர் மெச்சிய நாளிலாவது நிறுத்தியிருக்கலாம். மறுநாளிலிருந்து இரண்டாகப் போட்டாள்.

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார். ஸ்பூன் வாய்க்குள் போகும்வரை எதிரே நின்று பார்ப்பாள். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். அதில் அப்படி ஒரு சந்தோஷம். சந்தோஷப்பட வெட்கமாகவும் இருக்கும், விடவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் ஆசைப்பட்டுக் கேட்டதும் இதைத்தான். டப்பாவில் கொண்டுபோய் ஊட்டினாள். இரண்டு வாய் இறங்கியது. கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார்.

"பெத்த மக மாதிரி பாத்துக்கிட்ட. நல்லா இருப்ப."

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்காக அழுதாளா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

போதும். செத்தவரோடு என்ன வழக்கு? இன்று ஒரு நாளாவது சொன்ன சொல் நிஜமாகட்டும்.

முட்டைக்குப் பதிலாகக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டுக் கலந்தாள். கொஞ்சம் உதிர்ந்தால் உதிரட்டும். மனசு லேசானது. அவளுடைய அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

திரும்பினால், மாமியார் நிற்கிறாள்.

அத்தை அதிகம் பேசாதவள். உப்பு ஒரு கல் கூடினால் தட்டைச் சுவரில் எறிகிற மனிதரோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள். எறிந்ததைப் பொறுக்கி, சுவரைத் துடைத்து, மறுபடியும் சோறு போட்டவள். பிறந்ததிலிருந்து முட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை. இந்த ஓட்ஸையும் ஒருநாளும் தொட்டதில்லை. கேட்டால் பல் கூசுது என்பாள்.

அத்தை கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த வாழைப்பழத் தோலைப் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீரைக்கட்டுக்குப் பின்னால், இவள் முட்டையை ஒளித்து வைக்கும் இடத்தில், கையை விட்டாள். தேடவே இல்லை.

இரண்டை எடுத்து வந்தாள்.

"அத்தை, இன்னைக்காவது வேண்டாமே" என்றாள் இவள்.

"ருசி மாறுனா அவுகளுக்குப் பிடிக்காதுளா."

கூடத்தில் குமரேசன் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். ஊதுவத்தி வாசனை அடுக்களை வரைக்கும் வந்தது.

அத்தைக்கு உடைக்கத் தெரியவில்லை. கிண்ணத்துக்கு மேலே பிடித்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். ஓடும் மஞ்சளுமாக விரலிடுக்கில் வழிந்தது.

கையைக் கழுவவில்லை.

அடுத்ததை எடுத்தாள்.