பிரெஞ்சுப் பாட்டில் ஒரு பெயர்

தொண்ணூற்றொன்பதில் மலேசியாவில், செனாவாங் வீட்டுக்கு இண்டர்நெட் வந்ததும், மரியகொரெட்டி தன் அம்மா மார்த்தாவுக்காகப் பிரெஞ்சுப் பாட்டுகளைத் தேட ஆரம்பித்தாள். மார்த்தா இளவயதில் எஸ்டேட் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அங்கிருந்த பிரெஞ்சுத் துரைசானி இசைத்தட்டைச் சுழலவிட்டுக்கொண்டேதான், மேஜையில் பீங்கான் தட்டு எடுத்துவைப்பது வரை, வேலை ஏவுவாளாம். அந்தத் துரைசானியை ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்துப் பல வருஷமாகிறது.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் வெகுநேரம் டவுன்லோடாகி முடிந்த ஒரு பாட்டை மரியகொரெட்டி போட்டாள். நடுவில் ஒரு பெண்குரல் "மார்த்தா" என்றது.

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த மார்த்தா வாயைத் திறக்கவில்லை.

"பாட்டுல வர்ற பேரும்மா" என்று மரியகொரெட்டி மறுபடியும் போட்டாள். அதே இடத்தில், "மார்த்தா."

"நிப்பாட்டு லா. அது துரைசானி கொரலு. பேய் ரெண்டு தடவதான் கூப்பிடும். பதில் குடுக்கக் கூடாது."

"மூணாவது தடவயும் கூப்பிட்டா?"

"அப்ப மனுசங்கதான். போலாம்."

அம்மாவின் பயத்தைப் போக்க இதுவே வழி என்று மரியகொரெட்டிக்குத் தோன்றியது. மூன்றாம் முறையும் போட்டாள்.

"மார்த்தா."

"தோ, வந்துட்டேங்க" என்றாள் மார்த்தா.

அந்தப் பதில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அடுக்களையில் ஆளில்லாமல் குழாய் திறந்தபடி இருந்தது. பாதி கழுவிய மீன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வீடு முழுக்கத் தேடியும் அம்மாவைக் காணாமல் திரும்பி வந்து, மரியகொரெட்டி பாட்டை இன்னொரு முறை போட்டாள். இப்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாட்டுக்குப் பின்னால், யாரோ மேஜைமேல் பீங்கான் தட்டுகளை எடுத்துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.